வாசகர் கேள்வி: புதர் போச்சு, குளம் வந்துச்சு!

கேள்வி: எங்க ஊர் மைதானம் பல வருஷமா சீமைக்கருவேலம் மண்டிப் போய்க் கெடந்துச்சுங்க. இருபது பேர் சேர்ந்து ஆறு ஞாயித்துக்கெழமை வேல பாத்து, ஜேசிபி விட்டு சுத்தம் பண்ணி, அஞ்சு லோடு ஏரி வண்டல் அடிச்சு பலகை மாதிரி மட்டம் பண்ணினோம். ஒரே மழை, இப்ப எருமைதான் எறங்கிக் குளிக்குது. பசங்க மறுபடி ரோட்டுக்கே போயிட்டாங்க. என்ன பண்றது?
– வாசகர், ஏற்காடு அடிவாரம்

பதில்: இருபது பேருக்கும் என் கணக்குல ஒரு டீ. ஆனா வண்டல் அடிக்கச் சொன்னது யாருங்க? அது தென்னைக்கு நல்லது, ஓடுற காலுக்கு ஆகாது, நனைஞ்சா வழுக்கும் காஞ்சா வெடிக்கும். அதை விட பெரிய தப்பு அந்த பலகை மட்டம்தான். வெளையாட்டு மைதானம் நடுவுல லேசா மேடா இருந்து நாலு பக்கமும் சரியணும், 100 அடிக்கு ஒரு அடி, மிஞ்சினா ஒன்றரை அடி. பாத்தா தெரியாது, ஆனா தண்ணிக்குத் தெரியும். பெரிய இன்ஜினியர் எல்லாம் வேணாம், கொத்தனார் வச்சிருக்கிற லெவல் டியூப்ல தண்ணி புடிச்சுப் பாத்தாலே போதும்.

அடுத்து, நீங்க இருக்கிறது மலையோட காலடியில. திருமணிமுத்தாறே சேர்வராயன் மலையில இருந்துதான் எறங்கி சேலத்துக்குள்ள வருது, அப்ப உங்க மைதானத்துக்கு எங்க இருந்து தண்ணி வரும்னு கேக்கவா வேணும்! மேல் பக்கமா ஒரு வாய்க்கால் வெட்டி, வர்ற தண்ணிய மைதானத்துக்குள்ள விடாம சுத்தி ஓடைக்குத் திருப்பி விடுங்க, பாதி பிரச்சனை அதுலயே தீந்துரும். வண்டல சுரண்டி எடுத்துட்டு செம்மண் கிராவல் அடிங்க. இடிச்ச வீட்டு மண்ணு ஓசியில கெடைக்குதுன்னு கொட்டிராதீங்க, ஆணியும் கண்ணாடியும் பசங்க முட்டியிலதான் வந்து நிக்கும். ரோலர் ஓட்டறதுக்கு மண்ணு ஈரமா இருக்கணும், சேறா இருக்கக் கூடாது.

சுரண்டின வண்டலையும் தூக்கிப் போடாதீங்க. நனைச்சு உருட்டி கயிறு மாதிரி திரிச்சுப் பாருங்க, அறுந்து போகாம வந்தா களி இருக்குன்னு அர்த்தம், கிரிக்கெட் பிட்ச்சுக்கு ஆகும். 66 அடி நீளம் 10 அடி அகலம், அவ்ளோதான பிட்ச். மத்த எடத்துக்கு அருகம்புல். வெளியூர்ல காசு குடுத்து பெர்முடா புல்லுன்னு வாங்குறதும் இதே இனம்தான், நம்ம வரப்புல சும்மா கெடக்குது. மழை ஆரம்பிக்கும்போது வேரோட துண்டு துண்டா நட்டு விடுங்க.

அப்புறம் அந்தக் கருவேலம் செத்துருச்சுன்னு நெனைக்காதீங்க. தரையோட வெட்டினா நாலு மடங்கா துளிர்க்கும். வேரோட அடித்தூரைத் தோண்டி எடுத்தாதான் போகும்.

கேள்வி: எங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கிற காலி எடம் மைதானம்னு எல்லாரும் சொல்றாங்க, பேப்பர்ல என்னன்னு தெரியல. நாங்களே எறங்கி சுத்தம் பண்ணலாமா? காசும் இல்ல.
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: கடப்பாரை தூக்கறதுக்கு முன்னாடி சர்வே நம்பர் தூக்குங்க. எந்த நிலம் யாருதுன்னு எழுதி வச்சிருக்கிற அரசுக் கணக்கு அ-பதிவேடு, அதுல புறம்போக்கா, தனியார் பட்டாவான்னு தெரிஞ்சுரும். நீங்க வேர்வை சிந்தி முடிச்சப்புறம் ஒருத்தர் பத்திரத்தோட வந்து நின்னா அழுகைதான் வரும். அரசு எடம்னா எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிட்டு எறங்குங்க. ஊராட்சியா இருந்தா கிராம சபையில தீர்மானம் போடச் சொல்லுங்க, வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குதே. காசுக்கு நமக்கு நாமே திட்டம்னு ஒண்ணு இருக்கு, மக்கள் மூணுல ஒரு பங்கு போட்டா மிச்சம் அரசு போடும்.

கேள்வி: என் பொண்ணு ஸ்கூல்ல சாஃப்ட்பால் ஆடறா. எங்க ஏரியா மைதானத்த சரி பண்ண நாங்களும்தான் மண்ணு சுமந்தோம், இப்ப அண்ணனுங்க கிரிக்கெட் ஆடிக்கிட்டு எடமே தர மாட்டேங்கறாங்க.
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: அண்ணனுங்கள விடுங்க, கோடு போட்ட அன்னைக்கே உங்க பொண்ணுக்கும் கோடு போட்டிருக்கணும். சாஃப்ட்பால்ல ஓடித் தொடுற எடம்தான் பேஸ், பேஸுக்கு பேஸ் 60 அடி, ஒரு மூலையே போதும். தென்மேற்கு மூலையில ஹோம் பிளேட், அதாவது பந்து அடிக்கிறவங்க நிக்கிற எடத்த வச்சு வடகிழக்கு பாத்து ஆடினா சாயங்கால வெயில் அடிக்கிற புள்ள கண்ணுல படாது. கிரிக்கெட் பிட்ச் வடக்கு தெக்கா இருக்கணும், அதுவும் இதே வெயிலுக்காகத்தான். ஆனா ரெண்டு ஆட்டமும் ஒரே நேரத்துல வேணாம், பந்து மண்டையில பட்டுரும். ஸ்கூல் விட்டு ஆறு மணி வரைக்கும் சின்னப் புள்ளைங்களுக்கு, அப்புறம் அண்ணனுங்களுக்குன்னு நேரம் பிரிச்சு கேட்டுலயே பெயின்ட்ல எழுதி வைங்க. வாய்ப்பேச்சு வேணாம்மா, ரெண்டு வாரம் கூட நிக்காது.