தாஜின் ஏன் குழம்பாகிப் போகிறது?

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். எதிர் வீட்டு மொரோக்கோ அம்மா நோன்புப் பெருநாளுக்குக் கூம்பு மூடி போட்ட ஒரு மண் தாஜின் சட்டி கொடுத்தார். அதில் செய்யும் கறிக்கும் தாஜின் என்றுதான் பெயர். ஆட்டுக்கறி, கேரட், உருளைக்கிழங்கு, சுக்கினி போட்டு இரண்டு முறை செய்துவிட்டேன். அவர் வீட்டு ருசி வரவில்லை. நம் கறிக்குழம்பு மாதிரிதான் வருகிறது, அதுவும் தண்ணீராக. கறி வேகவில்லை, காயோ கரைந்துவிட்டது. கரம் மசாலா போட்டதுதான் தப்பா? இந்தச் சட்டியை மின்னடுப்பில் வைக்கலாமா? குக்கரில் செய்தால் ருசி கெட்டுவிடுமா?

பதில்: கரம் மசாலா சின்னத் தப்பு. பெரிய தப்பு தண்ணீரில் இருக்கிறது. செய்முறையை நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் கை எப்படிப் போகும் என்று தெரியும். எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு. வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, இஞ்சி பூண்டு விழுது, அப்புறம் தூள்கள். கறியைப் பிரட்டி, மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடி. இந்த வரிசையில் எந்த ஊர் மசாலாவைப் போட்டாலும் கிடைப்பது கறிக்குழம்புதான்.

மொரோக்கோ வீடுகளில் அடுப்பில் ஏற்றும்போதே எல்லாம் சட்டிக்குள் இருக்கும். ஆலிவ் எண்ணெய், துருவிய வெங்காயம், நசுக்கிய பூண்டு, தூள்கள், உப்பு, கறி. கையால் நன்றாகப் பிசைந்து தணலில் வைத்துவிடுவார்கள். தாளிப்பு கிடையாது, பொன்னிற வதக்கலும் கிடையாது. தூள்கள் எண்ணெயில் பொரியாமல், வெங்காயத்தின் ஈரத்திலும் கறியின் சாற்றிலும் மெல்ல ஊறி இறங்குகின்றன. எதிர் வீட்டுத் தட்டில் நீங்கள் கண்ட அந்த மிருதுவான வாசனை அங்கிருந்துதான் வருகிறது.

மூடி கூம்பாக இருப்பதன் கணக்கும் இதுதான். ஆவி மேலே ஏறி, சூடு குறைந்த உச்சியில் பட்டு நீராகி, சுவர் வழியாகத் திரும்ப இறங்குகிறது. உள்ளே இருக்கும் ஈரம் அவ்வளவாக வெளியே போவதில்லை. அதனால் ஒரு கிலோ கறிக்கு 200 மில்லி தண்ணீர் போதும். கறி மூழ்கவே கூடாது. மீதியை இரண்டு பெரிய வெங்காயமும் கறியும் விடும் சாறு பார்த்துக்கொள்ளும்.

சரி, மசாலாவுக்கு வருவோம். இதில் முக்கியமான சரக்கு சுக்கு. பச்சை இஞ்சி அல்ல, சுக்குத்தூள். நம்மில் பலர் தவறுவது இங்கேதான். இஞ்சி விழுது போட்டதுமே வாசனை நம் சமையலறைக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு கிலோ கறிக்கு ஒன்றரை டீஸ்பூன் சுக்குத்தூள், மிளகுத்தூள் ஒன்று, சீரகத்தூள் ஒன்று, மஞ்சள் அரை, காரமில்லாத பாப்ரிக்கா ஒன்று, இரண்டு அங்குலப் பட்டை ஒரு துண்டு. முடிந்தால் ஒரு சிட்டிகை குங்குமப்பூ. மொரோக்கோவின் தென்பகுதியில் தாலியூயின் என்ற ஊரைச் சுற்றி விளைவது, அக்கம்பக்கத்து மக்ரெப் (வட ஆப்பிரிக்க) கடைகளில் கேட்டுப் பாருங்கள். கொத்தமல்லியும் பார்ஸ்லியும் ஒரு கைப்பிடி எடுத்து நூலால் கட்டி உள்ளே போடுங்கள், கடைசியில் எடுத்து எறிந்துவிடலாம். பச்சை மிளகாய் வேண்டாம், சோம்பும் வேண்டாம்.

ரஸ் எல் ஹனூத் என்ற பொடியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ‘கடையின் தலை’ என்று பொருள், நம் பேச்சில் சொன்னால் கடையின் தலைச்சரக்கு. பல பொருள்கள் சேரும் கலவை அது. ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டித் தேன், உலர்திராட்சை, பாதாம் சேர்த்துச் செய்யும் ம்ரூசியா என்ற இனிப்புக் கறிக்கு அது வேண்டும். அன்றாடக் காய்கறித் தாஜினுக்கு அவசியமில்லை.

கறி வேகாததற்குக் காரணம் பெரும்பாலும் துண்டு. கறிக்கடையில் ‘எபோல்’ என்று கேளுங்கள், தோள்பட்டை, எலும்போடு. கழுத்துக்கறியும் நன்றாக வரும். தொடைக் கறி மெலிந்தது, நீண்ட நேரம் வெந்தால் வறண்டு நாராகிவிடும். நம்மூர் அளவில் சின்னதாக வெட்டச் சொல்லாதீர்கள். ஒரு கிலோவுக்கு ஆறு, ஏழு துண்டு போதும். தோள்பட்டையிலும் கழுத்திலும் இருக்கும் சவ்வு 70 டிகிரிக்கு மேல் மெதுவாகக் கரைந்து பசையாக மாறும். சாறு கெட்டியாவதில் அந்தப் பசைக்குப் பெரிய பங்கு உண்டு. அடுப்பைக் கூட்டிக் கொதிக்க விட்டால் சவ்வு கரைவதற்குள் தசை இறுகித் தன் சாற்றை வெளியே பிழிந்துவிடும். உங்களுக்குக் கறி கடினமாகவும் சாறு தண்ணீராகவும் ஒரே நேரத்தில் வந்தது இப்படித்தான் இருக்கும்.

இப்போது அடுப்பு. நான்கு மேசைக்கரண்டி எண்ணெயோடு எல்லாவற்றையும் பிசைந்து மிகக் குறைந்த தீயில் வையுங்கள். முதல் இருபது நிமிடம் மூடாமல், துண்டுகளை அவ்வப்போது திருப்பி விடுங்கள். வெங்காயம் நிறம் மாறக் கூடாது, கண்ணாடி போலத் தளர வேண்டும். அப்புறம் 200 மில்லி வெந்நீரைக் கறியின் மேல் ஊற்றாமல் ஓரமாக ஊற்றி, மூடி, ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். உள்ளே அங்கங்கே ஒரு குமிழி வந்தால் போதும். நடுவில் இரண்டு முறைக்கு மேல் மூடியைத் திறக்காதீர்கள்.

கத்தி முனையால் குத்தினால் கறி லேசாக விட்டுக்கொடுக்கும் கட்டத்தில்தான் காய் போகவேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டிருப்பீர்கள், அதனால் கரைந்திருக்கிறது. கேரட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உருளையை நான்காக வெட்டி, கறியைச் சுற்றிச் சாய்த்து அடுக்குங்கள். கரண்டி போட்டுக் கிளறாதீர்கள். அரை மணி கழித்துச் சுக்கினியை மேலே வையுங்கள். அது சாற்றில் படாமல் ஆவியிலேயே கால் மணியில் வெந்துவிடும். கூம்பு மூடிக்குள் காயும் கூம்பாக நிற்பது அழகுக்கு மட்டுமல்ல. கடினமான காய் கீழே சாற்றில் வேகிறது, மென்மையானது மேலே ஆவியில் வேகிறது.

கடைசிப் பத்து நிமிடம் மூடியை எடுத்துவிடுங்கள். இங்கே அவசரப்படாமல் சட்டியைப் பாருங்கள். ஓரத்தில் எண்ணெய் மஞ்சளாகப் பிரிந்து நிற்கும். மரக்கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால், சாறு உடனே ஓடி வந்து மூடாமல் ஒரு நொடி தயங்கி, பிறகு மெல்ல நெருங்கும். வெங்காயம் ஒரு இழைகூடக் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் சாறாகியிருக்கும். இப்படி வெங்காயம் குழைந்து கெட்டியாகும் சாற்றை அங்கே தக்மீரா என்பார்கள். அந்தப் பதம் வரும்வரை இறக்க வேண்டாம், இன்னும் பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

இறக்கும் முன் கைப்பிடி ஆலிவ் காயும், உப்பில் ஊறிய எலுமிச்சையின் தோலும் சேர்க்கலாம். எலுமிச்சையைக் கீறி உப்பு அடைத்து அதன் சாற்றிலேயே ஒரு மாதம் போல ஊற வைப்பது அவர்கள் வழக்கம். மிளகாய்த்தூள் சேர்க்காத நம் உப்பு எலுமிச்சை வீட்டில் இருந்தால் அதுவே போதும்: கழுவி, சதையை நீக்கி, தோலை மட்டும் மெல்லிய கீற்றாக நறுக்குங்கள். இரண்டிலும் உப்பு ஏறியிருக்கும், எனவே தொடக்கத்தில் ஒரு டீஸ்பூன் உப்புக்கு மேல் வேண்டாம். முதலிலேயே போட்டுவிடவும் கூடாது. புளிப்பு சேர்ந்த சாற்றில் உருளைக்கிழங்கு லேசில் வேகாது.

சட்டிக்கு வருகிறேன். பூசாத மண் சட்டியாக இருந்தால் முதலில் பழக்க வேண்டும். நம் மண்சட்டியைக் கஞ்சித் தண்ணீரில் பழக்குவது மாதிரிதான். ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து, காய்ந்ததும் உள்ளும் புறமும் ஆலிவ் எண்ணெய் தடவி, சூடேறாத ஓவனில் வைத்து 150 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஓவனுக்குள்ளேயே ஆற விடுங்கள். நேரடியாக மின்னடுப்பில் வைக்காமல் இடையில் சூடு பரப்பும் உலோகத் தட்டு ஒன்று வைத்துக் குறைந்த எண்ணில் தொடங்குங்கள். இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் மண் சூடாகாது. சட்டியைக் குளிர்ந்த ஓவனில் வைத்து 160 டிகிரிக்கு ஏற்றுவதே நல்லது. வண்ணப் பூ வேலையும் பளபளப்புப் பூச்சும் உள்ள சட்டி பெரும்பாலும் பரிமாறுவதற்கானது. சில பூச்சுகளில் ஈயம் இருக்கும் என்பதால் அதில் சமைக்க வேண்டாம். எது என்று கொடுத்தவரிடமே கேட்டுவிடுங்கள்.

என் முதல் தாஜின் சட்டி அடுப்பில் உடையவில்லை. இறக்கி, ஈரமாக இருந்த கிரானைட் மேடையில் வைத்தேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தலைமுடி போல ஒரு கோடு, அதன் வழியே மஞ்சள் எண்ணெய் துளித்துளியாகக் கசிந்தது. மரப்பலகையோ மடித்த துணியோ இல்லாமல் சூடான சட்டியை எங்கும் வைக்காதீர்கள். கழுவச் சோப்பு வேண்டாம், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். வெந்நீரும் தேங்காய் நாரும் போதும்.

குக்கரில் செய்யலாமா என்றால், தாராளமாக. மொரோக்கோ வீடுகளிலும் வேலை நாளில் குக்கர்தான் ஏறுகிறது. கறியை மட்டும் அதே முறையில் பிசைந்து, 200 மில்லி தண்ணீரோடு அழுத்தம் வந்தபின் சிறு தீயில் 25 நிமிடம். திறந்து அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, காயை அடுக்கி மூடி வேக வைத்து, கடைசியில் சாற்றை வற்ற விடுங்கள். மண்ணின் வாசனை வராது, ஆனால் தக்மீரா வரும். அடி கனமான இரும்புச் சட்டி இருந்தால் குக்கரைவிட அதுவே மேல்.

ஒன்று கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். இதைக் குஸ்குஸ் மேல் ஊற்றிச் சாப்பிடும் வழக்கம் அங்கே இல்லை. குஸ்குஸ் தனிச் சமையல், வெள்ளிக்கிழமை மதியத்துக்கு உரியது, அதற்கான குழம்பு நிறையச் சாறோடு இருக்கும். தாஜினுக்குத் தட்டையான வட்ட ரொட்டி, கொப்ஸ். சட்டியை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, ரொட்டித் துண்டால் ஓரத்துச் சாற்றைத் தொட்டு உள்நோக்கிப் போவார்கள். கறி நடுவில் கடைசியாக. எதிர் வீட்டு அம்மாவை அழைக்கும் நாளில் ரொட்டியை மட்டும் அவரைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.