உங்கள் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்?

கேள்வி: சென்னையில் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். கணவரின் வேலை காரணமாக நியூ ஜெர்சி வந்தபின் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. எங்கள் பகுதித் தொண்டு நிறுவனம் ஒன்றில், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கு, பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு ஈடான ஜி.இ.டி. தேர்வுக்கான கணக்குப் பாடத்தை ஊதியமில்லாமல் எடுக்கிறேன். செவ்வாய், வியாழன் மாலை ஆறரை முதல் எட்டரை வரை வகுப்பு. பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். இப்போது ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள், அதுவும் தாமதமாக. படிப்பின் அருமை தெரியாதவர்களுக்கு எப்படி ஆர்வத்தை உண்டாக்குவது? ஈக்வடாரைச் சேர்ந்த ஒரு பெண், ஓட்டலில் அறை சுத்தம் செய்பவர், நன்றாகப் படிப்பார். மற்ற மூன்று பாடங்களிலும் தேறிவிட்டார். கணக்கு மாதிரித் தேர்வில் 141 எடுத்தார். இரண்டு முறை தன் ஆறு வயது மகளை வகுப்புக்குக் கூட்டி வந்தார். மற்றவர்களுக்கு இடைஞ்சல், இனி அழைத்து வரவேண்டாம் என்றேன். அதன்பின் அவரே வரவில்லை. நான் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. கும்பகோணத்திலிருந்து மாமியார் வந்திருக்கிறார், மார்ச் வரை இருப்பார். என் நான்கு வயது மகனை அவர் பார்த்துக்கொள்வதால் எனக்கு அந்தக் கவலை இல்லை. வகுப்பையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: உங்கள் சேவை மனதைப் பாராட்டி நாலு வரி எழுதிவிட்டுப் பதிலுக்குப் போவதுதான் வழக்கம். அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

‘படிக்க வருகிறவர்களுக்கு ஆர்வமில்லை’ என்று எனக்கு எழுதுகிறவர்கள் ஏராளம். பத்தாவது பெயிலானவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர், தையல் வகுப்பு நடத்துகிற மகளிர் குழுத் தலைவி, இன்னும் பலர். ஆள் ஏன் வரவில்லை என்பதற்கான பதில் பெரும்பாலும் அந்தக் கடிதத்திலேயே எங்காவது ஓரமாகக் கிடக்கும். உங்கள் கடிதத்தில் அது கடைசிக்கு முந்தின வரி. மாமியார் பையனைப் பார்த்துக்கொள்கிறார், அதனால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

எந்தக் கவலை அம்மா? அந்த ஈக்வடார் பெண்ணுக்கு இருக்கிற அதே கவலைதானே? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஒருவரை விமானத்தில் வரவழைத்து ஆறு மாதம் வைத்துக்கொள்ள ஓட்டல் அறை சுத்தம் செய்கிறவருக்கு எங்கே வசதி? ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடாததற்கு உங்கள் ஒழுங்குதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒழுங்கானவராகவே இருங்கள். ஆனால் அந்த இரண்டு மாலைகளும் உங்கள் மாமியார் கொடுத்து உங்களுக்குக் கிடைத்தவை.

டிசம்பரில் உங்கள் ஊரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது. கும்பகோணத்திலிருந்து போனவர் அந்தக் குளிரில், தனியாக, பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் நாலு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரசம் சாதத்தைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்கிற நேரமாகப் பார்த்து ஒரு வாய் ஊட்டுகிற வேலை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் திரும்பி வர ஒன்பது ஆகும். இதற்கெல்லாம் உங்கள் கடிதத்தில் அரை வரி!

பாட்டி பேரனைப் பார்த்துக்கொள்வது தப்பென்று சொல்ல வரவில்லை. குடும்பம் என்றால் ஒருவர் வெளியே போக ஒருவர் வீட்டில் நிற்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நிற்கிறவரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்காது. நீங்கள் கணக்கு டீச்சர் வேறு!

அந்தப் பெண்ணின் 141-க்கு வருவோம். தேர்ச்சிக்கு 145 வேண்டும். மாதிரித் தேர்வில் 134-லிருந்து 144 வரை வந்தால் தேறலாம், தேறாமலும் போகலாம் என்ற ரகத்தில் வைப்பார்கள். அவருக்குக் குறைவது நாலே நாலு மதிப்பெண். பின்னங்களையும் நேர்க்கோட்டின் சாய்வையும் இன்னும் கொஞ்சம் போட்டுப் பழகி, கால்குலேட்டர் இல்லாமல் செய்ய வேண்டிய முதல் ஐந்து கேள்விகளில் தடுமாறாமல் இருந்தால் எட்டிவிடுகிற தூரம்தான். பகலெல்லாம் படுக்கை விரிப்பு மாற்றிவிட்டு, குழந்தையையும் கையில் பிடித்துக்கொண்டு ஆறரை மணிக்குக் கணக்குப் படிக்க வருகிறவருக்குப் படிப்பின் அருமை தெரியாது என்றால் வேறு யாருக்குத் தெரியும்? அந்தக் குழந்தை என்ன இடைஞ்சல் செய்தது என்று நீங்கள் எழுதவே இல்லையே. அழுததா? கத்தியதா? நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவின் நோட்டை எட்டிப் பார்த்திருந்தால் அதற்குப் பெயர் இடைஞ்சலா? அம்மா கணக்குப் போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற பிள்ளைக்கு வேறு டியூஷனே வேண்டாம் என்பது என் கட்சி.

இந்த ஜி.இ.டி. தேர்வே ஒழுங்காகப் பள்ளிக்குப் போக முடியாமல் போனவர்களுக்காக வந்ததுதான். போருக்குப் போனதால் படிப்பு நின்ற அமெரிக்கச் சிப்பாய்களுக்காக 1942-ல் உருவாக்கினார்கள். 1947-ல் நியூ யார்க் மாநிலம் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. இன்றும் நான்கு பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. தயாராகத் தயாராக ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளலாம். தேர்வு வைக்கிறவர்களே இவ்வளவு இடம் கொடுக்கும்போது நீங்கள் மட்டும் சென்னைப் பள்ளிக்கூட மணியை அங்கே அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நம்மூரிலேயே இதற்கு வழி காட்டியவர்கள் உண்டு. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் தொண்டர்களும் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். எங்கே போவதென்றாலும் அப்பா, அண்ணன், புருஷன் என்று யார் தயவாவது வேண்டியிருந்த பெண்கள் தாமே மிதித்துக்கொண்டு போய்வந்தார்கள். படிக்க வருகிறவளுக்கு வழியில் என்ன குறுக்கே கிடக்கிறது என்று பார்த்து, அதை எடுத்துப் போட்டார்கள். நீங்கள் குறுக்கே கிடந்ததைச் சுட்டிக்காட்டி, இதோடு உள்ளே வராதே என்றீர்கள்.

சரி, ஆக வேண்டியதைப் பாருங்கள். இந்த வாரமே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்யுங்கள். மெசேஜ் போதாது, உங்கள் குரல் கேட்க வேண்டும். மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நான் அப்படிச் சொன்னது தப்பு என்ற வார்த்தையும் வாயிலிருந்து வரட்டும். நின்றுபோன மற்றவர்களையும் கூப்பிட்டு, யார் வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு ஷிப்ட் மாறிவிட்டது, யார் பஸ்ஸை நம்பி இருக்கிறார் என்று விசாரியுங்கள். முதல் கால் மணி நேரம் புதுப் பாடம் எடுக்காமல் போன வகுப்புக் கணக்குகளையே போடச் சொன்னால், தாமதமாக வருகிறவருக்கும் பெரிய நஷ்டமில்லை. நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் வகுப்பறை ஓரத்தில் ஒரு சின்ன மேஜை, கலர் பென்சில், முடிந்தால் பிள்ளைகளோடு உட்கார ஒரு தன்னார்வலர் கேளுங்கள்.

அப்புறம், உங்கள் கணவர். கடிதத்தில் அவருடைய வேலை வந்ததோடு சரி, அவரைக் காணோம். வியாழக்கிழமை மட்டுமாவது அவர் ஆறு மணிக்குள் வீட்டுக்கு வரட்டும். பிள்ளை அவருடையது, பார்த்துக்கொள்கிறவரும் அவருடைய அம்மாதான். பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு அம்மாவை பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போகலாம். அவருக்குக் கோயில் வேண்டுமா, கடைத்தெரு வேண்டுமா, பேசாமல் படுத்துக்கொள்ள வேண்டுமா என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். இத்தனை மாதத்தில் ஒரு தடவையாவது கேட்டிருந்தால் கடிதத்தில் அவர் பங்கு அரை வரியாகச் சுருங்கியிருக்காது.

வகுப்பை விட்டுவிடலாமா என்கிறீர்கள். கூடாது. நாலு மதிப்பெண் பாக்கி வைத்திருக்கிற ஒருவரை நடுவழியில் விட்டுவிட்டுப் போக உங்களுக்கு உரிமையில்லை.

மாமியார் மார்ச்சில் ஊருக்குப் போய்விடுவார். ஏப்ரல் மாதச் செவ்வாய்க்கிழமைகளில் உங்கள் பையன் எங்கே இருப்பான் என்று யோசித்தீர்களா? கணவர் வியாழக்கிழமைக்கு ஒப்புக்கொண்டாலும் செவ்வாய்க்கிழமை அவனும் அந்த ஓர மேஜைக்குத்தான் வந்தாக வேண்டியிருக்கும். ஒருங்கிணைப்பாளரிடம் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.