பதில்: தண்ணி கூட்டாதீங்கன்னு சொன்னா சிரிக்கிற மேஸ்திரி

நீங்க புதுசா வந்த இன்ஜினியர். குளச்சல் கடலோர சைட், ஸ்லாப் வார்ப்பு. கான்கிரீட் கலவையில தண்ணி கூட்டாதீங்கன்னு நீங்க சொல்றீங்க. "படிச்சிட்டு வந்த பிள்ளைக்கு என்ன தெரியும்"னு மேஸ்திரி. வீட்டுக்காரரும் அவர் பக்கம். இதுதானே உங்க பிரச்சினை?

அனுபவத்தைப் பத்தி வாதாடாதீங்க, அதுல அவர்தான் ஜெயிப்பார். அளவைப் பேச விடுங்க. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456:2000 படி கடலோரக் காத்து படுற கான்கிரீட்டுக்குக் குறைஞ்சது எம்30 (28 நாள்ல சதுர மி.மீ.க்கு 30 நியூட்டன் தாங்குற வலு), தண்ணி-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல கூடாது, கவர் (கம்பியை மூடுற கான்கிரீட் கனம்) 45 மி.மீ. 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர், மணல்ல இருக்கிற ஈரமும் இதுக்குள்ளதான். பக்கெட்ல கோடு போட்டு வையுங்க.

அவர் தண்ணி கேட்கிறது திமிருல மட்டும் இல்ல. கலவை இறுகினா ஆளுங்களுக்கு இழுக்கக் கஷ்டம். அதனால தண்ணி கூட்டாமலே கலவையை இளக வைக்கிற பிளாஸ்டிசைசர் சேர்க்கச் சொல்லுங்க, அளவு டப்பாவுலயே இருக்கும். பாதிச் சண்டை அதோட முடியும்.

வார்ப்பு அன்னிக்கு, கலவை எவ்வளவு தளர்வுன்னு காட்டுற ஸ்லம்ப் கூம்பு சோதனையை எல்லாரும் பார்க்க வையுங்க. கூம்பைத் தூக்கினதும் கலவை 100 மி.மீ.க்கு மேல சரிஞ்சா அந்தக் கலவை வேண்டாம். அதே கலவையில 150 மி.மீ. கியூப் மூணு வார்த்து எடுத்து, 28 நாள்ல வலுவைச் சோதிக்க லேப்புக்கு அனுப்புங்க.

ஆளுங்க முன்னால மேஸ்திரியைத் திருத்தாதீங்க, தனியா சொல்லுங்க; "அண்ணாச்சி"ன்னே கூப்பிடுங்க, ஒண்ணும் குறையாது. வீட்டுக்காரர்கிட்ட எம்30 பத்திப் பேசிப் பலனில்ல. தண்ணி கூடின கான்கிரீட்ல உப்பு உள்ள போய் கம்பி துருப்பிடிச்சு உப்பி, சீலிங் பெயர்ந்த பழைய வீடு பக்கத்துலயே இருக்கும், கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. அப்புறமும் வீட்டுக்காரர் தண்ணி ஊத்தச் சொன்னா, சைட் புக்ல தேதியோட எழுதி அவர் கையெழுத்தைக் கேளுங்க.