அல்லாஹ் 'அவன்', கர்த்தர் 'அவர்'

கேள்வி: கூட வேலை பார்க்கும் முஸ்லிம் நண்பர் கடவுளைப் பற்றி 'அவன் நாடினால்', 'அவன் கொடுப்பான்' என்றே பேசுகிறார். நாங்கள் சர்ச்சில் 'அவர்' என்போம். கடவுளுக்கு மரியாதை வேண்டாமா? இருவரும் சொல்வது ஒரே கடவுளைத்தானா? (ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: மரியாதைக் குறைவெல்லாம் இல்லை. 'அவர்' அடிப்படையில் பன்மை, மரியாதைக்காக ஒருவரையே பலர்போலச் சொல்கிறோம். இறைவன் விஷயத்தில் பன்மையின் நிழல்கூட விழக்கூடாது என்றுதான் 'அவன்' என்கிறோம் என்பார்கள் தமிழ் முஸ்லிம்கள். அதே நண்பர் இயேசுவைச் சொல்லும்போது கவனியுங்கள், 'ஈஸா நபி அவர்கள்' என்பார். படைத்தவனுக்கு 'அவன்', அவன் அனுப்பிய தூதருக்கு 'அவர்கள்'. உங்கள் பைபிளில் பிதாவும் 'அவர்', இயேசுவும் 'அவர்'. பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. குர்ஆனில் இறைவன் பல இடங்களில் தன்னை 'நாம்' என்கிறான். அது அரசர்கள் பேசுவதுபோல மாட்சிமைக்கான பன்மை, அவ்வளவுதான் என்பது முஸ்லிம்களின் விளக்கம். ஆதியாகமத்தில் 'நமது சாயலாக மனுஷனை உண்டாக்குவோமாக' என்று வருகிறதல்லவா, அந்த 'நமது'வில் கிறிஸ்தவர்கள் திரித்துவத்தையே (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராய் இருக்கும் ஒரே கடவுள்) பார்த்தார்கள்.

சரி, கடவுள் ஒருவரே என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. அந்த ஒருவருக்கு மகன் இருக்க முடியுமா என்பதுதான் வழக்கு. கி.பி. 325-இல் திருச்சபையின் ஆயர்கள் நிசேயா சங்கமாகக் கூடி, குமாரன் உண்டாக்கப்பட்டவர் அல்ல, பிதாவிடமிருந்து பிறந்தவர் என்று முடிவு செய்தது. குர்ஆனின் 112-ஆம் அத்தியாயமோ, நாலே நாலு வசனம்தான், அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை என்று கதவைச் சாத்திவிடுகிறது. இது உடல்வழிப் பிறப்பு இல்லை என்று கிறிஸ்தவர் எவ்வளவு விளக்கினாலும் முஸ்லிமுக்கு அது இணைவைத்தல்தான், அதாவது இறைவனுக்குச் சமமாக இன்னொருவரை வைப்பது. இத்தனைக்கும் ஈஸா நபி தகப்பன் இல்லாமல் கன்னி மர்யமிடம் பிறந்ததை முஸ்லிம்களும் நம்புகிறார்கள்; ஆதமுக்குத் தாயும் இல்லையே, அதனால் அவரைக் கடவுள் என்போமா என்பது அவர்கள் வாதம்.

அப்புறம் உறவு. நீங்கள் ஜெபத்தை 'எங்கள் பிதாவே' என்று தொடங்குகிறீர்கள். அல்லாஹ்வின் 99 திருநாமங்களில் அளவற்ற அருளாளன் உண்டு, நேசிப்பவன் உண்டு, தகப்பன் இல்லை. அப்துல்லாஹ் என்ற பெயருக்கே அல்லாஹ்வின் அடிமை என்று பொருள், அதில் அவர்களுக்குப் பெருமைதான். கடவுளே மனிதனாக வந்து சிலுவையில் தொங்கினார் என்பது உங்களுக்கு அன்பின் உச்சம். அவர்களுக்கோ கடவுளின் மகத்துவத்துக்கு இழுக்கு. ஈஸா நபியே சிலுவையில் கொல்லப்படவில்லை என்கிறது குர்ஆன்.

ஒரே கடவுள்தானா? அரபு பைபிளிலும் கடவுளுக்கு 'அல்லாஹ்' என்ற சொல்தான், பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. முஸ்லிம்கள் ஒரே கடவுளை வணங்குகிறவர்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் சொல்லியிருக்கிறது. என்னைக் கேட்டால், இருவரும் ஒருவரைத்தான் கூப்பிடுகிறார்கள், அவர் யார் என்பதில்தான் ஒத்துப்போகவில்லை. உங்கள் நண்பர் 'அவன் நாடினால்' என்கிற இடத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்றுதானே!