மறு: ஒரே துறைமுக ஆணையம் ஒரு கட்டணத்தை உயர்த்தக் கேட்டு, இன்னொன்றை எதிர்ப்பது ஏன்?

வணக்கம். விமான நிலையத்தையும் நடத்தும் சியாட்டில் துறைமுக ஆணையம் விமானப் பயணிகள் மீதான கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்டுக்கொண்டே கப்பல் சரக்கின் மீதான வரியைக் குறைகூறுவது முரணாகத் தெரிவதால் கட்டுரை நகரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வசூலாகும் பணம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள்.

விமானப் பயணிகளிடம் வசூலிக்கும் பயணிகள் வசதிக் கட்டணம், கூட்டரசு ஒப்புதல் அளித்த பணிகளுக்காக அந்தந்த விமான நிலையத்துக்கே கிடைக்கிறது. அமெரிக்க காங்கிரஸ் 2000இல் விதித்த 4.50 டாலர் உச்சவரம்பு 2024ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உயரவில்லை. விலைவாசி ஏற்றத்தில் அதன் மதிப்பு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

கப்பல் சரக்கின் மீதான துறைமுகப் பராமரிப்பு வரியோ கூட்டரசின் நிதியத்துக்குப் போகிறது. உங்கள் கட்டுரைக்குச் சாரமான பகுதி இதுதான் என்பேன். இறக்குமதிச் சரக்கின் மதிப்பில் 0.125 விழுக்காடு, அதாவது ஒரு லட்சம் டாலர் சரக்குக்கு 125 டாலர், முதன்மையாகத் தூர்வாரும் பணிக்கென வசூலிக்கப்படுகிறது. சியாட்டில் துறைமுகம் இருக்கும் எலியட் விரிகுடா இயற்கையிலேயே ஆழமானது என்பதால் சியாட்டிலுக்குத் திரும்பி வருவது சொற்பம். போதாக்குறைக்கு, அதே சரக்குப் பெட்டகம் கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட்டில் இறங்கி ரயிலில் சிகாகோவுக்குப் போனால் இந்த வரியே கிடையாது. (125 டாலர் அற்பம்தான், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான பெட்டகங்களை இறக்கும் நிறுவனத்துக்கு அப்படியல்ல.)

ஒரு குறிப்பு: 2015 முதல் பெட்டக முனையங்களைச் சியாட்டிலும் அருகிலுள்ள டகோமா துறைமுகமும் நார்த்வெஸ்ட் சீபோர்ட் அலையன்ஸ் என்ற அமைப்பின் வழியாகக் கூட்டாக நடத்துவதால், சரக்கு தொடர்பான கோரிக்கைகளை அந்த அமைப்பின் ஆவணங்களிலும் தேடுங்கள், விமான நிலையமும் உல்லாசக் கப்பல் முனையங்களும் சியாட்டில் ஆணையத்திடமே உள்ளன.