வலது காதில் ரிப்பனா, இடது காதிலா?

ஜப்பானிய ஃபேன் ஆர்ட் வரையும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பந்தயக் குதிரைகள் பெண்களாக வரும் உமா முசுமே விளையாட்டில், அந்தக் குதிரைப் பெண்களில் சிலருக்கு வலது காதில் அணி, சிலருக்கு இடது காதில். என் இஷ்டத்துக்கு மாற்றி வரையலாமா? (வாசகி, திண்டுக்கல்)

மாற்றாதீர்கள். விளையாட்டில் வரும் கிட்டத்தட்ட ஒவ்வொரு பெண்ணும் பந்தயங்களில் உண்மையில் ஓடிய ஒரு குதிரை. அது ஆண் குதிரை என்றால் அணி வலது காதில், பெட்டை என்றால் இடது காதில். காது மாறினால் குதிரையின் பாலே மாறிவிடும். விவரம் தெரிந்த ரசிகர் முதலில் பார்ப்பதே அந்த இடத்தைத்தான்.

இந்தத் தவறு அறியாமையால் வருவதைவிட மென்பொருளால் வருவதுதான் அதிகம். முகம் கோணியிருக்கிறதா என்று பார்க்க கேன்வாஸைக் கண்ணாடி போலத் திருப்புகிறோம். திருப்பிய பக்கம் அழகாகத் தெரிந்தால் அப்படியே விட்டுவிடுகிறோம், காதணி இடம் மாறிவிடுகிறது. காதணியையும் நெற்றி முடியையும் தனி லேயரில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தைத் திருப்பியே ஆகவேண்டும் என்றால் அந்த லேயரை மட்டும் மறுபடி வரைந்தால் போதும்.

நெற்றி முடியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முன்முடியில் தெரியும் வெள்ளைக் கற்றை, அந்தக் குதிரையின் நெற்றியில் இருந்த வெள்ளைக் குறி. சிம்போலி ருடால்ஃப் குதிரைக்கு நெற்றியில் பிறை வடிவக் குறி இருந்தது. அதை வெறும் வெள்ளைக் கோடாக இழுத்துவிட்டால் அடையாளமே போய்விடும். நெட்கெய்பா என்ற ஜப்பானியக் குதிரைப் பந்தயத் தளத்தில் குதிரையின் பெயரைக் கதாகானா என்ற ஜப்பானிய எழுத்தில் இட்டால் புகைப்படங்கள் கிடைக்கும். நேர்முகப் படம் ஒன்றையும் பக்கவாட்டுப் படம் ஒன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

முடியின் நிறம் பெரும்பாலும் குதிரையின் உடல் ரோமத்தின் நிறம்தான்: செம்பழுப்புக் குதிரைக்குச் செம்பட்டை முடி, சாம்பல் குதிரைக்கு வெள்ளி முடி. விதிவிலக்கு ஹாரு உராரா. நிஜத்தில் அது பழுப்புக் குதிரை, கதாபாத்திரத்துக்கோ இளஞ்சிவப்பு முடி. பந்தயத்தில் அது அணிந்த இளஞ்சிவப்பு முகமூடியிலிருந்து வந்த நிறம் அது. 113 பந்தயங்கள் ஓடி ஒன்றில்கூட வெல்லாமல் நாடு முழுக்கப் புகழ்பெற்ற குதிரை. 2004 மார்ச் 22 அன்று ஜப்பானின் முதல்நிலை ஜாக்கியான யுதாகா தாகே ஏறி ஓட்டியும் பத்தாவதாகத்தான் வந்தது. 2025 செப்டம்பரில், 29 வயதில் இறந்தது.

காதின் நிலையையும் நிஜக் குதிரையிடமிருந்தே எடுங்கள். முன்னால் நீட்டியிருந்தால் கவனம், பக்கவாட்டில் தளர்ந்திருந்தால் நிம்மதி, பின்னால் படிந்திருந்தால் கோபம். சிரிக்கும் முகத்துக்கு மேல் காது பின்னால் படிந்திருந்தால் படம் உள்ளுக்குள்ளேயே சண்டை போடும்.

கோல்டு ஷிப் எப்போதும் மெஜிரோ மெக்வீனைப் போய்த் தொந்தரவு செய்வதாக வரைகிறார்களே, ஏன்? (வாசகர், கோவை)

மெக்வீன், கோல்டு ஷிப்பின் தாயைப் பெற்ற தாத்தா! தாய்க்குதிரை பாயின்ட் ஃபிளாக், மெக்வீனின் மகள். பள்ளிச் சீருடையில் சக மாணவியாக நிற்கும் தாத்தாவைப் பேத்தி சீண்டுகிறாள் என்பதுதான் நகைச்சுவை. இருவருக்கும் வெள்ளி முடி இருப்பதும் தற்செயல் அல்ல. பெற்றோரில் ஒன்றாவது சாம்பல் நிறமாக இல்லாமல் சாம்பல் குட்டி பிறக்காது. மெக்வீனின் நிறம் மகள் வழியாகப் பேரனுக்கு வந்தது. இன்னொன்று, சாம்பல் குதிரை பிறக்கும்போது கருமையாக இருந்து வயது ஏற ஏறத்தான் வெளுக்கும். குட்டிப் பருவத்தை வரைபவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

பந்தயம் தொடங்கும் வாயிலுக்குள் கோல்டு ஷிப் கையைத் தூக்கி நிற்கும் படங்களுக்கும் காரணம் உண்டு. 2013, 2014 இரண்டு வருடமும் தகரசுகா கினென் பந்தயத்தை வென்ற குதிரை, 2015இல் வாயில் திறக்கும் நேரத்தில் முன்னங்கால்களைத் தூக்கி நின்றுவிட்டது. பதினாறில் பதினைந்தாவது இடம். அதன்மேல் கட்டியிருந்த சுமார் 1200 கோடி யென் கண்ணிமைக்கும் நேரத்தில் காற்றில் போயிற்று.

இந்தப் பாத்திரங்களை எப்படி வேண்டுமானாலும் வரையலாமா? (அதே வாசகர்)

கூடாது. பெயர்கள் நிஜக் குதிரைகளுடையவை, அவற்றுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அதனால் ஆபாசமாகவோ, வன்முறையாகவோ, குதிரையையும் உரிமையாளரையும் இழிவுபடுத்துவதாகவோ வரையக் கூடாது என்று விளையாட்டை உருவாக்கிய சைகேம்ஸ் நிறுவனம் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது.

பழைய ஜப்பானிய வாள்கள் வீரர்களாக வரும் தோகென் ரன்பு விளையாட்டின் பாத்திரங்களை வரைகிறேன். மிகாசுகி முனேசிகாவின் வாள் எப்போதும் அரிவாள் மாதிரி ஆகிவிடுகிறது. (வாசகி, யாழ்ப்பாணம்)

வளைவைக் கண்ணால் மதிப்பிட்டு வரைவதால்தான். அளவே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த வாளின் அலகு நீளம் 80 சென்டிமீட்டர், வளைவு 2.7 சென்டிமீட்டர். நீளம் என்பது நுனியிலிருந்து பிடி தொடங்கும் இடத்துப் பள்ளம் வரை நேர்கோட்டில் அளப்பது. வளைவு என்பது அந்தக் கோட்டிலிருந்து வாளின் முதுகு அதிகபட்சம் எவ்வளவு விலகுகிறது என்பது.

ஆகவே முதலில் 800 பிக்செல் நேர்கோடு ஒன்று போடுங்கள். முதுகு அதிலிருந்து விலகுவது வெறும் 27 பிக்செல்! அந்த விலகலும் நட்டநடுவில் வேண்டாம். இது தாச்சி என்ற பழைய வாள் வகை, பிடிப் பக்கம் வளைந்து நுனிப் பக்கம் நிமிர்ந்துவிடும். வளைவின் உச்சத்தைப் பிடியை நோக்கி நகர்த்துங்கள். அலகு அடியில் அகலமாகவும் நுனியில் ஒடுங்கியும் இருக்கும். பிடிக்கு 25 சென்டிமீட்டர் சேர்த்தால், 170 சென்டிமீட்டர் உயர மனிதருக்குப் பக்கத்தில் நிறுத்தும்போது தொப்புளைச் சற்றே தாண்டும்.

அடுத்தது, தாச்சி கயிற்றில் தொங்கும், கூர்ப்பக்கம் கீழே. கதானா என்ற இன்னொரு வாள் வகை இடுப்புக் கச்சையில் செருகப்படும், கூர்ப்பக்கம் மேலே. அருங்காட்சியகங்களிலும் இதே முறையில்தான் வைப்பார்கள்.

மிகாசுகி என்றால் பிறை. கூர்விளிம்பு ஓரமாக ஓடும், வாளுக்குப் பதம் ஏற்றும்போது உண்டாகும் பத வரியில் குட்டிக் குட்டிப் பிறை வடிவங்கள் மின்னுவதால் வந்த பெயர். பாத்திரத்தின் கண்ணில் பிறை தெரிவது அதனால்தான். வாளிலும் அதைக் காட்ட விரும்பினால் அழுத்தமான வெள்ளைக் கோடு போடாதீர்கள். பத வரி பனிமூட்டம் போன்றது. நிஜ வாளில்கூட முழங்காலை மடக்கிக் குனிந்து, விளக்கின் பிரதிபலிப்பு அலகின்மேல் ஓடும் கோணத்தைப் பிடித்தால்தான் கண்ணில் படும். ஓரம் மங்கிய பிரஷ்ஷால், ஒளி விழும் ஒரு பகுதியில் மட்டும் காட்டுங்கள்.

அதே தோகென் ரன்புவில் ஷொகுதாய்கிரி மிட்சுததா ஏன் கறுப்பு உடையில்? (வாசகர், சென்னை)

அந்த வாள் கருகிப்போனது. 1923 கான்தோ பூகம்பத்தை அடுத்து வந்த தீயில் வெந்தது. மிதோவில் உள்ள தோகுகவா அருங்காட்சியகத்தில் கருத்த அலகாக இருக்கிறது. ரசிகர்கள் விசாரிக்கத் தொடங்கிய பிறகு 2015இல் காட்சிக்கு வந்தது. கண்ணை மறைக்கும் கட்டு முன்னாள் உடைமையாளர் தாதே மாசாமுனேவை நினைவூட்டுவது. சிறுவயதில் அம்மையால் வலக்கண்ணை இழந்தவர் அவர். இந்த வாளை நிஜத் தோற்றத்தில் வரைவதானால் பத வரி வேண்டாம். அது தீயோடு போயிற்று.

போர்க்கப்பல்கள் பெண்களாக வரும் கான்தாய் கலெக்‌ஷன் விளையாட்டின் ஷிமகாசேவை வரைகிறேன். அவளோடு வரும் துப்பாக்கிக் குட்டிகள் எத்தனை? (வாசகர், மதுரை)

மூன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு குழல். நிஜ நாசகாரிக் கப்பலில் 12.7 சென்டிமீட்டர் இரட்டைப் பீரங்கி மேடைகள் மூன்று இருந்தன. முதுகில் சுமக்கும் டார்பிடோ ஏவிக்கு ஐந்து குழல்கள். கப்பலில் அப்படி மூன்று, மொத்தம் பதினைந்து. ‘நான்தான் வேகம்’ என்று அவள் அலட்டுவதற்குக் காரணம், கப்பல் சோதனை ஓட்டத்தில் தொட்ட 40.9 நாட், அதாவது மணிக்குச் சுமார் 76 கிலோமீட்டர்.

ஹாட்சுனே மிகுவின் கையில் வெங்காயத்தாள் எதற்கு? (வாசகி, சேலம்)

மிகு பாடும் மென்பொருள் ஒன்றின் பாத்திரம், 2007 ஆகஸ்ட் 31இல் விற்பனைக்கு வந்தாள். அடுத்த சில நாட்களிலேயே ரசிகர்கள் போட்ட ‘ஈவான் போல்கா’ வீடியோவில் அதைச் சுழற்றினாள். அதற்கு முந்தைய வருடமே அதே பாட்டுக்கு வேறொரு அனிமே பெண் அதே மாதிரி சுழற்றிய ஃபிளாஷ் துணுக்கு இணையத்தில் பிரபலம். அதன் நகல் இது. நிறுவனம் கொடுத்த பொருள் அல்ல. வரையும்போது அடியில் குமிழ் போடாதீர்கள். ஜப்பானிய நெகி நீளமான வெள்ளைத் தண்டு, மேலே பச்சை, அவ்வளவுதான்.