பைப் கனமும் கான்கிரீட் கணக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

1 அங்குல பி.வி.சி. பைப்பில் ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 என்று கடைக்காரர் இரண்டு விலை சொல்கிறார். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே மாதிரிதான் தெரிகிறது. எதை வாங்குவது?

வெளியே பார்த்தால் தெரியாது. இரண்டுக்கும் வெளிவிட்டம் 33.4 மி.மீ.தான், கனம் உள்பக்கமாகக் கூடும். 40-ல் சுவர் 3.38 மி.மீ., 80-ல் 4.55 மி.மீ. கனம் ஏறினால் தண்ணீர் போகும் வழி குறுகும். அதனால் ‘கனமா இருந்தா நல்லதுதானே’ என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. மூன்று மாடி வீட்டில் மேல்தொட்டியிலிருந்து கீழே வரும்போது ஒன்றரை கிலோவைத் தாண்டாது. 1 அங்குல ஷெட்யூல் 40 தாங்குவதோ 30 கிலோவுக்கு மேல். அப்புறம் 80 எதற்கு? மரை வெட்டும் இடத்துக்கு. மரை வெட்டும்போது சுவரில் பாதி போய்விடும், மெல்லிய பைப் அங்கேதான் விரிசல் விடும். பசை போட்டு ஒட்டும் லைனுக்கு 40 போதும்.

வெந்நீர் லைனுக்கு சி.பி.வி.சி. வாங்கப் போனேன். எஸ்.டி.ஆர். 11-ஐ விட 13.5 ஒசத்தி என்று பிளம்பர் சொல்கிறார். சரியா?

தலைகீழ். வெளிவிட்டத்தைச் சுவர் கனத்தால் வகுத்தால் வருவதுதான் எஸ்.டி.ஆர். எண் ஏற ஏற பைப் மெலியும். 28.6 மி.மீ. வெளிவிட்டத்துக்கு 11-ல் 2.6 மி.மீ., 13.5-ல் 2.1 மி.மீ. வெந்நீருக்கு 11 வாங்குங்கள்.

மழைநீர் இறக்க வாங்கிய 110 மி.மீ. பைப் மிச்சம் இருக்கிறது. அதையே கழிவறைக்குப் போடலாமா?

பைப் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தர நிர்ணயத்தில் ‘ஏ’ வகை மழைநீருக்கும் காற்றுப் போக்கிக்கும். குறைந்தபட்சக் கனம் 2.2 மி.மீ. மலக்கழிவுக்கு ‘பி’ வகை, 3.2 மி.மீ. மிச்சம் ‘ஏ’ என்றால் வேண்டாம்.

1,000 சதுர அடி மேல்தளம். மேஸ்திரி மூட்டைக் கணக்கு சொல்கிறார், ரெடிமிக்ஸ்காரர் கன மீட்டர் கணக்கு சொல்கிறார். எப்படி ஒப்பிடுவது?

முதலில் கன அளவு. 5 அங்குலத் தளம் என்றால் 1,000 × 5 ÷ 12 = 417 கன அடி. 35.3-ஆல் வகுத்தால் 11.8 கன மீட்டர். பீம் தளத்துக்குக் கீழே இறங்கும் பகுதியைத் தனியாகக் கூட்டுங்கள். பலர் விடுவது இங்கேதான்.

எம்20, அதாவது 1 : 1½ : 3 கலவையில் ஒரு கன மீட்டருக்கு சிமெண்ட் 8 மூட்டை, எம்-சாண்ட் 15 கன அடி, ஜல்லி 30 கன அடி பிடிக்கும். உங்கள் தளத்துக்கு 95 மூட்டை, மணல் ஒன்றேமுக்கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), ஜல்லி மூன்றரை யூனிட். இதற்கு உங்கள் ஊர் விலையைப் போட்டு, மிக்சர் வாடகையும் ஆள் கூலியும் சேர்த்து 11.8-ஆல் வகுங்கள். வருகிற தொகையை ரெடிமிக்ஸ் விலையோடு வையுங்கள். பம்ப் வாடகை அதில் அடக்கமா என்று கேட்க மறக்காதீர்கள், சின்ன வேலைகளில் லாபத்தைத் தின்பது அதுதான். கம்பி தனி, தோராயமாகக் கன மீட்டருக்கு 80 கிலோ, சரியான அளவு வரைபடத்தில்தான்.

இன்னொன்று. செண்ட்ரிங் பலகை அரை அங்குலம் தொய்ந்தால் 42 கன அடி, கிட்டத்தட்ட 9 மூட்டை சிமெண்ட் கூடுதலாக இறங்கும். கான்கிரீட்டுக்கு முந்தின நாள் நீங்களே மாடி ஏறி, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி டேப் வைத்துப் பாருங்கள். விலை பேரம் பேசுவதைவிட இதில் மிச்சம் அதிகம்.

ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் கலவை கெட்டியாக இருக்கிறது என்று ஆட்கள் தண்ணீர் ஹோஸைப் பிடித்துவிட்டார்கள். தடுக்க வேண்டுமா?

கட்டாயம். நீங்கள் எம்20-க்குக் கொடுத்த காசு அந்த ஹோஸில் கரைகிறது. நாமே கலக்கும் எம்20-க்குக்கூட ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் உச்சவரம்பு. கெட்டியாக இருந்தால் கம்பெனி ஆளைக் கூப்பிட்டு அட்மிக்சர் (தண்ணீர் சேர்க்காமலே கலவையை இளக்கும் ரசாயனம்) போடச் சொல்லுங்கள். டெலிவரி சீட்டில் கலவை ஏற்றிய நேரம் இருக்கும். 2 மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும்.

வாசல் சாக்கடைக்கு 300 மி.மீ. ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) போட்டு மேலே ராம்ப் கட்டுகிறோம். என்.பி.2 என்ற வலிமை வகை போதுமா?

பைக், கார் மட்டும் என்றால் போதும். அதன் சுவர் 30 மி.மீ.; அடுத்த வலிமை வகையான என்.பி.3-க்கு 40. வீட்டு வேலை இன்னும் முடியவில்லை என்றால் என்.பி.3 வாங்குங்கள், ஜல்லி லாரி அதன் மேல்தானே ஏறி வரும்.